பதினைந்து நிமிடமும் ஒரு ரோஸ் சீட்டும்

கண்ணு,

கல்யாணப் பத்திரிகைக் கட்டில் இன்னும் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உறைக்குள் போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். உறை மேல் பேர் எழுதவில்லை. யாருக்கு என்று எனக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது நான் இல்லை, நீதான் என்பதும் தெரியும். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பாதியில் ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஆறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலைக்கூட ஆரம்பிக்காமல், கம்பெனி ரிப்போர்ட் நோட்டிலிருந்து நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனித் தாளைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை. அந்த நோட்டைக் கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்தியது முதல் தடவை இல்லை. அதைச் சொல்கிறேன்.

உங்கப்பா தவறியபோது நீ இரண்டாம் வகுப்பு. நான் பனியன் கம்பெனியில் நூல் வெட்டுகிற வேலைக்குப் போனேன். பிறகு செக்கிங் டேபிள், பிறகு செக்கிங் இன்சார்ஜ். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு பனியன் கைக்கு வந்தால் முதலில் ஓட்டையைத் தேடுவேன், அப்புறம் எண்ணெய்க் கறை, அப்புறம் தையல் விட்ட இடம். கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிப் போட வேண்டும். நன்றாக இருக்கிற பீஸைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை, அது பேசாமல் பாக்கிங்குக்குப் போய்விடும். இந்தக் கண்ணை நான் வேலை முடிந்ததும் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நீ கணக்கில் தொண்ணூற்று நாலு வாங்கிக்கொண்டு ஓடி வந்தபோது, மீதி ஆறு எங்கே என்று கேட்டவள் நான். கேட்டதும் உன் முகம் எப்படி ஆனது என்று இப்போது ஞாபகம் வருகிறது. அன்றைக்கு நான் மார்க் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ காலேஜ் முடித்து எங்கள் கம்பெனியிலேயே ஆர்டர் கவனிக்கிற மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த வருடம்தான் அந்த சுவீடன்காரம்மா இங்கிரிட் வந்தார். நம் பனியனை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கம்பெனியின் இன்ஸ்பெக்சன் ஆள். அறுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவு, நரைத்த முடி, பெரிய கால். பீஸ் பார்க்க உட்கார்ந்தால் என்னைவிடக் கறார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். உங்கள் மெர்ச்சண்டைசிங் ரூமில் பாட்டைப் போட்டு, உங்களையெல்லாம் எழுப்பி நிறுத்தி, இரண்டு இரண்டு பேராகக் கையைப் பிடிக்க வைத்து ஆடச் சொல்லிக் கொடுத்தார். மற்றவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். நீ விடவில்லை. வீட்டுக்கு வந்து “ஸ்விங் டான்ஸுங்கம்மா” என்றாய். எனக்கு அது ‘சூயிங் டான்ஸ்’ என்று காதில் விழுந்தது. தையல்காரர்களுக்கு முதுகுவலி வராமல் இருக்க ஏதோ உடற்பயிற்சி போல என்று நினைத்துக்கொண்டு, நல்லதுதானே கண்ணு என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் விசயம் தெரிந்தது. அந்த ஒரு வாரம் நான் உனக்கு நல்ல அம்மாவாக இருந்தேன்.

இங்கிரிட் ஊருக்குப் போகும்போது ஒரு சிடியைக் கொடுத்துவிட்டு, ஜனவரியில் திரும்பி வருவேன், எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்று பார்ப்பேன், பையர் குழு சாப்பிடும் விருந்தில் நீ எல்லார் முன்னாலும் ஆட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நடுவில் ஆறு மாதம் இருந்தது. ஆனால் உனக்கு நேரம் எங்கே இருந்தது? காலை எட்டரைக்குப் போனால் தினமும் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மெண்ட் வந்துவிட்டால் அதற்கும் மேலே. உனக்கென்று இருந்தது சாயங்கால டீ டைம் மட்டும்தான், அதுவும் பதினைந்து நிமிடம். எல்லாரும் டீக்கு ஓடும்போது நீ மொட்டை மாடிக்கு ஓடினாய். அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிற மறைவில், பாக்கிங் செக்சனிலிருந்து ஒயரை இழுத்து, சிடியும் போடுகிற டேப்ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஆடினாய். காலையில் பல் விளக்கும்போது துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஒரு காலைப் பின்னால் வைத்து முன்னால் வைத்து ஆடி, பேஸ்ட் நுரை சட்டையெல்லாம் ஒழுகும். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போதும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடப்பாய். பக்கத்து வீட்டுக்காரி, “உங்க பையன் என்னுங்க, சாமி வந்த மாதிரி போறான்?” என்று கேட்டாள்.

ஜோடி ஆட்டத்துக்கு ஜோடி வேண்டும் அல்லவா. சாம்பிள் செக்சனில் சட்டை மாட்டிப் பார்க்கிற டம்மி பொம்மையை வைத்து ஒரு மாதம் ஆடினாய். பிறகுதான் உன்னோடு ஆட ஆரோக்கியம் வந்தார். நம் கம்பெனி ஆல்டர் டெய்லர். நாங்கள் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிற பீஸ்களைப் பிரித்துத் திரும்பத் தைத்துச் சரிசெய்கிற வேலை. வெள்ளகோவில் பக்கத்து ஆள், உன்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். மெஷின் மிதித்துப் பழகிய கால், தாளம் தப்பாது. பெண் ஆடுகிற பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டார், வெட்கமே படவில்லை. இந்தக் கடிதத்தில் அவரை ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கெல்லாம் நம் வீட்டில் நான் ‘அவன்’ என்றுதான் சொல்வேன் என்பது உனக்கு மறந்திருக்காது. உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. டேப்ரெக்கார்டர் ரிப்பேர் பார்க்க அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தாரே. உனக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்தேன், அவருக்கு மாடத்தில் கிடந்த பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தேன். நீ உன் டம்ளரை அவர் பக்கம் தள்ளிவிட்டு, கப்பை எடுத்துக் குடித்தாய். அந்த டம்ளர் பிறகு காணாமல் போனதே, எங்கே என்று நீ இரண்டு நாள் கேட்டாயே. தொலைந்துவிட்டது என்றேன். தொலையவில்லை கண்ணு. பழைய பாத்திரக்காரனிடம் நான் போட்டுவிட்டேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நான் செய்ததற்கு வேர் இதில்தான் இருக்கிறது. ஆட்டம் எனக்குப் பிடிக்காதது கொஞ்சம்தான். நீ யாருடைய கையைப் பிடித்து ஆடினாய் என்பதுதான் பெரிதாக இருந்தது.

டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோழி வறுத்திருந்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாய், நான் கேட்காமலே. “பாருங்கம்மா, பதினஞ்சு நிமிசத்துல மொத அஞ்சு நிமிசம் நேத்து வந்ததுங்க. அடுத்த அஞ்சு நிமிசம் நேத்து வராததுங்க. கடைசி அஞ்சு நிமிசம் சும்மா ஆசைக்கு ஆடறதுங்க. புதுசு வாரத்துக்கு ஒண்ணுதான். அதுக்கு மேல வெச்சா மண்டையில நிக்கறதில்லீங்க” என்றாய். ஆசைக்கு ஆடுகிற அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் மறுநாள் மாடிப்படி ஏறவே கால் வராது என்றும் சொன்னாய். அட்டைப்பெட்டி மறைவு, பாக்கிங் செக்சன் ஒயர், எந்தப் பாட்டு, எந்த நேரம், எல்லாமே அன்றைக்கு உன் வாயால் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். ஆரோக்கியத்துக்கும் உனக்கும் தவிர அந்த விவரம் வேறு யாருக்கும் தெரியாது. மூன்றாவது ஆளாக என்னை நம்பிச் சொன்னாய். கடைசியில் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, என் முன்னால் கையை நீட்டினாய். “ஒரு நிமிசம் எந்திரிங்கம்மா, அடிப்படை மட்டும் சொல்லித் தாரேன்” என்றாய். ஈரக் கை. “போடா, கூறு கெட்டவனே” என்று தட்டிவிட்டேன்.

மறுநாள் செக்கிங் டேபிளில் என் காது படவே இரண்டு பேர் பேசினார்கள். இன்சார்ஜக்கா பையன் எங்கேயோ மறைவாக ஆல்டர் டெய்லர் இடுப்பில் கை போட்டு ஆடுகிறானாம் என்று ஒருத்தி சொன்னாள், இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். அதற்குத் தைரியம் இல்லை, நீ கையை நீட்டியபடி நின்றது கண்ணிலேயே இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். தினமும் சாயங்காலம் நான் எழுதுகிற செக்கிங் ரிப்போர்ட்டில், அன்றைய ஓட்டை, கறை, ஊசிக்கோடு எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு வரி எழுதினேன். டேமேஜ் என்ற கட்டத்தில் ‘ஆட்டம்’. இடம் என்ற கட்டத்தில் ‘மொட்டை மாடி, அட்டைப்பெட்டி மறைவு’. நேரம், ‘சாயங்கால டீ டைம்’. எண்ணிக்கை, ‘2’. கீழே கையெழுத்தும் போட்டேன். பெற்ற பிள்ளையைப் பனியன் கணக்கில் எழுதினேன் கண்ணு. வெள்ளைத் தாளைக் கிழித்து மேனேஜரிடம் கொடுத்து, “என் பேரு வெளிய வரக்கூடாதுங்க சார்” என்றேன். அவர் தலையாட்டினார்.

அடுத்த நாள் அவர் மாடி ஏறியதும், டேப்ரெக்கார்டரைப் பிடுங்கியதும், உனக்கு மெமோ கொடுத்ததும் உனக்கே தெரியும். ஆரோக்கியத்துக்கு மெமோ இல்லை. ஷிப்மெண்ட் நேரம், ஆல்டர் பீஸ் மலையாகக் கிடந்தது, அவரைச் சீண்ட மேனேஜருக்குப் பயம். அதோடு, “உன் கூட இருக்கறவங்களே சொல்லித்தாண்டா வந்தேன்” என்று ஒரு வார்த்தையையும் விட்டுவிட்டுப் போனார். நீ வேறு எப்படி நினைப்பாய்? வேலை முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் அவரை நிறுத்தி, “என்னைய மாட்டி உட்டுப்போட்டு நீங்க தப்பிச்சுக்கிட்டீங்களாண்ணா?” என்று கேட்டாய். அவர் உன்னைப் பார்த்தார். பிறகு உன் தோளுக்கு மேலே, டிபன் கேரியரோடு நின்ற என்னைப் பார்த்தார். “இல்ல தம்பி” என்று மட்டும் சொன்னார். “இனி என்ர மூஞ்சில முழிக்காதீங்க” என்றாய். நான் நின்றுகொண்டேதான் இருந்தேன். அது போதாதென்று, பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, “அவனெல்லாம் ஒரு சேக்காளியான்னு நாந்தான் அப்பவே நெனச்சேன்” என்று வேறு சொன்னேன்.

ஜனவரியில் இங்கிரிட் வந்தார். வந்ததும் வராததுமாக உன்னைத் தேடி, எங்கே, ஆடிக் காட்டு என்று கேட்டார். பழகவில்லை, நேரம் கிடைக்கவில்லை என்று நீ சொன்னபோது நான் கதவுக்குப் பக்கத்தில் ஒரு டீசர்ட்டை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் ஒரு நாள் தவறாமல் மாடி ஏறியவன், நேரம் கிடைக்கவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய். அந்த அம்மா உன் தோளைத் தட்டிவிட்டு, பரவாயில்லை என்றார். அவர் உன்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். மார்ச்சில் நீ பெங்களூருக்கு வேலை தேடிக்கொண்டாய். நல்ல சம்பளம், அதனால் போனான் என்று ஊரெல்லாம் சொன்னேன். நாளடைவில் நானே அதை நம்பினேன். சிடியை நீ எடுத்துப் போகவில்லை. நானும் அதைத் தூக்கிப் போடவில்லை.

சொல்வதற்கு எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு நீ வந்து நான்கு நாள் இருப்பாய். பொங்கலுக்கு வருவாய். அம்மை போட்டிருந்தபோது பதினைந்து நாள் என் மடியிலேயே கிடந்தாய். ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். ஒரு தடவை நீயே, “ஆரோக்கியண்ணன் இன்னும் அங்கதான் இருக்காருங்களாம்மா?” என்று கேட்டாய். எதற்குக் கேட்டாயோ. இருக்கிறார் என்று சொல்லிவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டேன்.

உன் கல்யாணம் நிச்சயமான வாரம் சுகன்யா உடுமலையிலிருந்து போன் பண்ணினாள். நல்ல பெண், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறாள். “அத்தை, இவரு முந்தி நல்லா ஆடுவேன்னு சொல்றாருங்க. ரிசப்சன்ல ஆடலாமான்னு கேட்டா, அதுக்கு ஆளு இல்லைங்கறாரு. நான் இருக்கேனேன்னா பேசவே மாட்டேங்கறாருங்க. என்னாச்சுங்க அத்தை?” என்றாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.  அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்வார்த்தையாகக் கல்யாணத்துக்கு அழைப்போம் என்று ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். சாயக்கழிவு ஓடுகிற பள்ளத்தைத் தாண்டி, காலனிக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. அவர் பதறி எழுந்து நாற்காலி போட்டார். “டீ குடிக்கறீங்களாக்கா?” என்று கேட்டவர், உடனே குரலைத் தாழ்த்தி, “கடையில வாங்கிட்டு வரட்டுங்களா?” என்றார். வேறு எதையும் சொல்லிக் காட்டவில்லை. என்னை நோகடிக்கக் கேட்கவும் இல்லை. நான் குடிக்க மாட்டேன் என்று தெரிந்து, எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று கேட்டார். “ஊட்டு டீயே குடுங்க” என்றேன். எவர்சில்வர் டம்ளரில் வந்தது. தலை நிமிராமல் குடித்தேன். கல்யாணத்துக்கு வரவேண்டும் என்றேன். “தம்பி வந்து கூப்புட்டா வர்றேனுங்கக்கா. நீங்க கூப்புட்டு நான் வந்து நின்னா தம்பிக்கு மொகம் சுருங்கும். கல்யாணத்தன்னைக்கு அது வேண்டாமுங்க” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? “அந்த ஆட்டத்த எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?” என்று கேட்டேன். ரிசப்சனில் நானே எழுந்து உன் முன்னால் கையை நீட்டினால், அன்றைக்குத் தட்டிவிட்டதற்கு அது ஈடாகிவிடும், மற்றதை யாரும் சொல்லவும் வேண்டாம் கேட்கவும் வேண்டாம் என்று ஒரு கணக்கு. அவர் காலி டம்ளரை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தார். “டீ டைம் பதினஞ்சு நிமிசந்தானுங்க. டீயை மறந்துறோணும்” என்றார். பழைய மேனேஜர் போய் நாலு வருடம் ஆகிறது. அமெரிக்காவில் என்னவோ ஆகி ஆர்டர் குறைந்ததில் இப்போது மாடியில் அட்டைப்பெட்டியும் குறைவு, மறைவு இல்லை. ஐம்பத்திரண்டு வயதில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நீ நின்ற இடத்தில் போய் நின்றேன்.

முதல் வாரம் முழுக்க எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றியதுதான். ஒன்று, இரண்டு, பின்னால் வைத்து முன்னால். அப்புறம் மூன்றும்-நாலு, ஐந்தும்-ஆறு, பக்கவாட்டில் பொடி அடி. எழுதினால் ஒன்றுமே இல்லை. எனக்கு ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் கால் சிக்கிக்கொள்ளும். நீ விட்டுப்போன சிடியைப் போடலாம் என்றால் பாதி நாள் கரண்ட் இல்லை, வாயாலேயே எண்ணினோம். முழங்கால் வலித்தது. என் டேபிள் பெண்கள் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், அதே சிரிப்பு, அதே வாய் பொத்தல். அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு எரிந்ததில் பாதிகூட இப்போது எரியவில்லை. இதற்கா உன்னைக் காட்டிக் கொடுத்தேன் என்றுதான் தோன்றியது. கையைப் பிடிக்கச் சொன்னபோது நான் சவம் மாதிரி பிடித்தேன் போலிருக்கிறது. “அக்கா, ரிப் துணிய இழுத்துப் பாப்பீங்கல்லோ, இழுத்தா போகோணும், உட்டா திரும்பி வரோணும். கை அப்படி இருக்கோணுமுங்க. சும்மா தொங்கப்புடாது, வெறச்சுக்கவும் கூடாது” என்றார். வருடக்கணக்கில் ரிப் துணியை இழுத்துப் பார்த்தவள், அன்றைக்குத்தான் அதைக் கையில் புரிந்துகொண்டேன்.

அவர் ஒரு நாளைக்கு ஒரு பிழைதான் சொல்வார். மற்றதெல்லாம் கண்ணில் படாத மாதிரி இருப்பார். நானாக இருந்தால் ஒரே பார்வையில் பத்து ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன். முதலில் நேற்று வந்தது, பிறகு நேற்று வராதது, கடைசியில் ஆசைக்கு. அது நீ போட்டுக் கொடுத்த கணக்கு, அவர் இன்னும் அப்படியே வைத்திருந்தார். நான் செக்கிங் டேபிளில் நின்று பீஸ் பார்க்கும்போதும் கால் கீழே எண்ணிக்கொண்டிருக்கும். பல் விளக்கும்போது நுரை ஒழுகியது. நாற்பது நாள் போல ஆகியிருக்கும், ஒரு சாயங்காலம் ஒரு பாட்டு முழுக்க நான் எண்ணவே இல்லை. கால் தானாகப் போனது. பாட்டு முடிந்து மூச்சு வாங்க நின்றபோது எனக்கு அப்படி ஒரு சந்தோசம், சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. நாளெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவனுக்கு நாளில் இருந்த பதினைந்து நிமிடச் சந்தோசம் இது. இதைத்தான் நான் டேமேஜ் என்று எழுதினேன்.

ஆரோக்கியம் நான் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். “ஆட்டம் வந்துருச்சுங்கக்கா. தம்பிகிட்ட சொல்லீட்டீங்களா?” என்றார்.

“என்னத்தை?” என்றேன். அப்போதும் கேட்டேன் பார்.

அவர் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து நாலாக மடித்த ஒரு ரோஸ் கலர் சீட்டை எடுத்துக் கொடுத்தார். செக்கிங் ரிப்போர்ட்டுக்குக் கார்பன் வைத்து மூன்று காப்பி உண்டு. வெள்ளை மேனேஜருக்கு, மஞ்சள் காப்பி நோட்டிலேயே தங்கும், ரோஸ் ஆல்டர் பீஸ் கட்டோடு சேர்ந்து ஆல்டர் டெய்லருக்குப் போகும். எந்தப் பீஸில் என்ன பிழை என்று பார்த்துத்தானே அவர் சரிசெய்ய வேண்டும். அன்றைக்கும் நான் பழக்கதோசத்தில் கார்பன் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பழக்கதோசத்தில் ரோஸ் சீட்டைக் கட்டோடு கட்டி அனுப்பியும் இருக்கிறேன். ஊரில் எவளும் செய்ய மாட்டாள், யார் மேல் கோள் எழுதினேனோ அவருக்கே காப்பி அனுப்பினேன். சைக்கிள் ஸ்டாண்டில் நீ அவரைக் கேட்டபோது அது அவர் பையில் இருந்தது. அதனால்தான் உன் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஆறு வருடம் தினமும் நான் ரோஸ் சீட்டு அனுப்பினேன், தினமும் அவர் வாங்கிக்கொண்டார்.

“அன்னைக்கே தம்பிகிட்டக் காட்டியிருக்கலாமுங்களே” என்றேன். 

“காட்டியிருந்தா தம்பிக்கு அன்னைக்கே அம்மா இல்லாமப் போயிருக்குமுங்க. சேக்காளின்னா வேற ஆளு கெடைப்பானுங்கன்னு நெனச்சேன்” என்றார். பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னார், அவருக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். “கெடைக்கலீங்களே அக்கா. அவனும் ஆடறதில்ல, நானும் ஆடறதில்ல. உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா நீங்களாவே ஒரு நாள் சொல்லீருவீங்கன்னு பாத்தேன். இனி நாளைக்கு வர வேண்டாமுங்க. சொல்லிப்போட்டு வாங்க.”

சொல்லிவிட்டேன் கண்ணு. இவ்வளவுதான் விசயம். அவர் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் காட்டிக் கொடுத்தேன். அவரைத் திருடன் மாதிரி நிற்க வைத்ததும் நான். மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, உனக்கு வருகிறபோது வரட்டும், வராமலும் போகட்டும். கல்யாணத்துக்கு அம்மா மேடையில் நிற்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதையும் சொல், நான் பந்தி கவனித்துக்கொள்கிறேன். ரிசப்சனில் நான் ஆடப் போவதில்லை. அந்தக் கணக்கையும் விட்டுவிட்டேன். ஆட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

சுகன்யாவோடு வாழப்போகிற உனக்கு, பெரியவள் என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டும். சொல்லத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அவளிடம் ஒரு பிழையைக் கண்டால் அவளிடமே சொல், வேறு யாரிடமும் சொல்லாதே. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் சொல்லாதே. இரண்டு பேரும் வேலைக்குப் போவீர்கள், பெங்களூர் டிராஃபிக்கில் நேரம் இருக்காது, பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அதில் கடைசி ஐந்து நிமிடத்தை ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இது நான் கண்டுபிடித்தது இல்லை. கோழி வறுவலுக்கு முன்னால் உட்கார்ந்து நீ எனக்குச் சொன்னதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. நேராக வீட்டுக்கு வராதே. பஸ் ஸ்டாண்டுக்குச் சுகன்யாவையும் வரச் சொல், நான் அங்கேயே வந்து பத்திரிகையையும் வெற்றிலை பாக்குத் தட்டையும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன். பள்ளத்தைத் தாண்டி மூன்றாவது தெரு, நீலக் கதவு. உறை மேல் பேரை நீயே எழுது. டீ கொடுப்பார்கள், குடி.

ரோஸ் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஆல்டர் முடிந்த ஒவ்வொரு சீட்டிலும் அடியில் ‘செக் செய்தவர்’ என்ற இடத்துக்குப் பக்கத்தில் ‘சரி செய்தவர்’ என்ற கட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆறு வருடத்தில் நான் அனுப்பிய ஆயிரக்கணக்கான சீட்டிலும் போட்டு அனுப்பியிருக்கிறார். இது ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பவில்லை. என் கையெழுத்து அப்படியே இருக்கிறது, கார்பன் கொஞ்சம்கூட மங்கவில்லை. பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. அவரிடம் எடுத்துக்கொண்டு போ கண்ணு.

அம்மா